முள்ளெலி பார்க்கப் போகிறவர்களுக்கு

முள்ளெலியை உயிரோடு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முண்டந்துறைக்கும் மாஞ்சோலைக்கும் வண்டியை விடாதீர்கள் என்பதுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காட்டு விலங்கு என்றாலே மேற்கே மலையைப் பார்க்கிற பழக்கம். இது மலைப் பிராணி இல்லை. மழை குறைச்சலான, முள்ளும் கல்லும் செம்மணலும் கிடக்கிற, கிராமக் கணக்கில் தரிசு என்று எழுதிவைத்த, வெளியூர்க்காரர்கள் வந்தால் "இங்க ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிக் காற்றாலையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற நிலம் இருக்கிறதே, அதுதான் அதன் வீடு. நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை, அப்படியே கிழக்கே சாத்தான்குளம், உடன்குடித் தேரிக்காடு வரைக்கும் மனசில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்டன. எங்கள் வீட்டில் இன்னும் எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான்.

என் கதை கொஞ்சம் தலைகீழ். முள்ளெலியைப் பார்ப்பதற்கு இருபது வருஷம் முன்னாலேயே அதன் முள்ளைப் பார்த்துவிட்டேன். எங்கள் ஆச்சி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பிடி முள் போட்டு அடுக்களைப் பரணில் வைத்திருந்தாள். தெருவில் எந்தப் பிள்ளைக்காவது கக்குவான் இருமல் வந்தால் பாட்டில் கீழே இறங்கும். முள்ளைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். அந்தப் பிராணி எங்கே படுக்கும், என்ன தின்னும் என்று கேட்டால் ஆச்சிக்கும் தெரியாது, வாங்கிப்போன நாலு வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. எங்கள் ஊரில் முள்ளெலி என்றால் ஒரு மருந்துச் சரக்கு, சுக்கு மாதிரி, வசம்பு மாதிரி. அது நாலு காலில் நடக்கிற ஒரு ஜீவன் என்பதே எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. மருந்துக் கதைக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் பிராணியைப் பார்ப்போம்.

ஆளைத் தெரிந்துகொள்வது

பாதிப் பேர் இதைக் குட்டி முள்ளம்பன்றி என்பார்கள். இல்லவே இல்லை. முள்ளம்பன்றி கொறிக்கிற ஜாதி, கிழங்கையும் மரப்பட்டையையும் தின்னும், பல கிலோ எடை இருக்கும், அதன் முள் பேனாவை விட நீளம், லேசாக உரசினாலே கழன்று வந்துவிடும். எய்ப்பன்றி என்ற பழைய பேரை வைத்து, அது முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எய்யாது, பின்பக்கமாக வந்து குத்தும், அவ்வளவுதான். முள்ளெலியோ நீட்டிப் படுத்தால் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். உருண்டுவிட்டால் சின்னப் பனங்காய். முள் ஒவ்வொன்றும் ஒரு அங்குலம்கூட இராது, வெள்ளையும் பழுப்பும் பட்டை பட்டையாக இருக்கும், இழுத்தாலும் சுலபத்தில் கழன்று வராது. அதாவது அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த முள் எதுவும் உயிரோடு இருந்த முள்ளெலியிடமிருந்து உதிர்ந்து கிடைத்தது இல்லை. இதை நான் ரொம்ப நாள் யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

முகம்தான் அழகு. கூரான மூக்கு, எப்போதும் ஈரமாக, எப்போதும் ஆடிக்கொண்டே. கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியது போல ஒரு பழுப்புப் பட்டை, அதற்கு மேலே நெற்றியும் பக்கவாட்டும் வெளுப்பு. காது சின்னது, வட்டம். வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு முழுக்க முள், வயிற்றுப் பக்கம் சன்னமான முடி மட்டும்.

பேரில் எலி இருந்தாலும் எலியும் இல்லை. எலி, அணில், முள்ளம்பன்றி மூன்றுக்கும் முன்பல் உளி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துக் கொறித்துத் தேய்த்துக்கொள்ளும். முள்ளெலிக்கு அந்தப் பல் கிடையாது, இதற்குப் பூச்சியின் ஓட்டை நறுக்குகிற கூர்ப்பல்தான். உறவு பார்த்தால் மூஞ்சூறுதான் இதற்குச் சொந்தக்காரன். ராத்திரி அடுக்களைச் சுவரோரமாகக் கிரீச்சென்று கத்திக்கொண்டு ஓடுமே, பிள்ளையார் வாகனம் என்று அடிக்காமல் விடுவோமே, அதே மூஞ்சூறு. அதற்கும் நீள மூக்கு, இதற்கும் நீள மூக்கு, இரண்டுக்கும் பூச்சிதான் சாப்பாடு.

வடக்கே ராஜஸ்தான், குஜராத் வறண்ட பக்கங்களில் வேறு முள்ளெலி இனங்கள் உண்டு. நம்முடையது தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கையியலாளர் இதை விவரித்துப் பேர் வைத்தார். மதராஸ் முள்ளெலி என்பது புழக்கத்தில் உள்ள பேர். அறிவியல் பேர் பாராஎக்கைனஸ் நுடிவென்ட்ரிஸ், அந்தப் பின்பாதிக்கு 'மொட்டை வயிறு' என்று அர்த்தம். ரொம்ப காலம் இதை வடக்கத்தி இனம் ஒன்றின் கிளை என்றே வைத்திருந்தார்கள், அப்புறம்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். யூடியூபில் கையில் வைத்துக் கொஞ்சுகிறார்களே, தொட்டியில் குளிப்பாட்டுகிறார்களே, அது ஆப்பிரிக்க இனத்திலிருந்து வந்த வளர்ப்பு வகை. அதைப் பார்த்துவிட்டு நம் ஊர் முள்ளெலியைக் கூண்டில் வைக்கக் கிளம்பாதீர்கள். இது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற பிராணி, பிடித்து வைத்தால் வழக்கு.

பகலில் தேட வேண்டியவை

நேராக ராத்திரி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போனால் முள் குத்தினதுதான் மிச்சம். முதலில் பகலில் ஒரு சுற்று. குடை பிடித்த மாதிரி நிற்கிற உடைமரம், அதன் அடியில் உதிர்ந்து கிடக்கிற முள், பக்கத்தில் கள்ளி, வடலிப் பனை, இடிந்த கல்வேலி, நடுநடுவே கறையான் புற்று. இவ்வளவும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க அது வளைக்குள்ளோ, முள்புதர் அடியிலோ, கல்லிடுக்கிலோதான் சுருண்டு கிடக்கும். வளையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கம்பை விட்டுக் குடையாதீர்கள். ஒன்று, அதே வளையில் சுருட்டை விரியன் இருக்கலாம். இரண்டு, நோண்டின வளைக்கு அது திரும்பி வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தேரிக்காட்டு மணல் இந்த விஷயத்தில் ஒரு வரம். இரும்புச் சத்து ஏறிச் சிவந்துபோன பொடி மணல், ராத்திரி நடந்தது எல்லாம் காலையில் எழுதிவைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏறுவதற்குள், காற்று எழும்புவதற்குள் போய்விட வேண்டும், ஆனி ஆடிக் காற்றில் ஆறு மணிக்கே எல்லாம் அழிந்துவிடும். முள்ளெலித் தடத்தில் ஐந்து விரல் தெரியும், முன்னங்கால் தடம் கைக்குழந்தையின் உள்ளங்கையைச் சுருக்கி வைத்தது போல இருக்கும். நேராகப் போகாது. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு, அங்கிருந்து ஒரு சாணிக்கு, சாணியைச் சுற்றி ஒரு வட்டம், அப்புறம் மறுபடி செடி. மூக்கை வைத்து நோண்டின சின்னக் குழிகளும் வழியில் கிடக்கும்.

எச்சத்தைப் பார்த்தும் சொல்லலாம். கறுப்பாக, சுண்டுவிரலை விட மெல்லிசாக, உடைத்தால் உள்ளே வண்டு இறக்கையின் மினுமினுப்பு. கீரி எச்சத்தில் முடியும் எலும்புத்துணுக்கும் கலந்து இருக்கும். உடைத்துப் பார்க்கிறது குச்சியை வைத்து, கையால் இல்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் ஒருத்தன் செய்தான்.

இது எல்லாவற்றையும் விட வேகமான வழி, ஆடு மேய்க்கிறவர்களிடமும் பனையேறுகிறவர்களிடமும் கேட்பது. விடியக் கருக்கலில் இந்தக் காட்டில் நடக்கிறவர்கள் அவர்கள்தான். நான் முதலில் கேட்டபோது நடந்த பேச்சு இது:

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் முள்ளெலி பாத்திருக்கியளா?"

"எதுக்கு, மருந்துக்கா?"

"மருந்துக்கு இல்ல, சும்மா பாக்கணும்."

"சும்மா பாக்கவா?" என்று சொல்லிவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஆளை ஏமாற்றுகிறேன் என்றே நினைத்தார். மூன்று தடவை போய், அவரோடு உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்து, முள் வாங்க வந்தவன் இல்லை என்று அவருக்குப் பட்ட பிறகுதான் ஒரு கல்வேலியைக் கை நீட்டிக் காட்டினார். நீங்களும் அந்த மூன்று தடவையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளை, அதாவது தோட்டம், யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இரவில் உள்ளே போக வேண்டும். தேரியில் வனத்துறைக் காடும் இருக்கிறது, அங்கே அனுமதி இல்லாமல் இரவில் கால் வைக்கக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

இரவில் உட்காருவது

எந்தப் பருவம் என்றால் எனக்குக் கை கொடுத்தது ஐப்பசி, கார்த்திகை. எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான், தென்மேற்கு மழை எல்லாம் மலையோடு நின்று எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். மழை விட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மண் இளகி, ஈசலும் வண்டும் வெளியே வந்து, காடே பந்தி விரித்த மாதிரி இருக்கும். சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்தால் அதற்கு மறுநாளும் போகலாம். கடும் கோடையில் பல ராத்திரி சும்மா திரும்பியிருக்கிறேன். ஐரோப்பாவில் இருக்கிற முள்ளெலி குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று படித்திருப்பீர்கள். நம் ஊரில் தூங்குகிற அளவுக்குக் குளிர் ஏது? ஆனால் வறண்ட நிலத்து முள்ளெலிகள் தீனியும் தண்ணீரும் குறைந்தால் உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொண்டு வளைக்குள் அப்படியே கிடக்கும். மரம் தோண்டும்போதோ வேலி பிரிக்கும்போதோ சில்லென்று அசையாமல் ஒன்று கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டி வீசிவிடாதீர்கள். மூடிவிட்டு வாருங்கள்.

கனமான ஷூ கட்டாயம், கணுக்கால் வரை மூடுகிற பேண்ட் கட்டாயம். சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் அதே நேரத்தில் அதே இடத்தில் வேலைக்கு வருகிறவை. தனியாகப் போகாதீர்கள். டார்ச் வாயில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். ராத்திரிப் பிராணிகளை வெள்ளை வெளிச்சம் கலைக்கிற அளவுக்குச் சிவப்பு கலைக்காது. நடக்கும்போது வெள்ளை வெளிச்சம், உட்கார்ந்த பிறகு சிவப்பு, இதுதான் என் கணக்கு. செண்ட், பவுடர், கொசுக்களிம்பு எதுவும் வேண்டாம். முள்ளெலிக்குக் கண் மட்டம், மூக்கு கூர்மை. காற்று அதன் பக்கமிருந்து உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி இடம் பார்த்து உட்காருங்கள். கொசு கடிக்கும்தான். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அப்புறம் ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் எழுந்து டார்ச் அடித்துத் தேட ஆரம்பிப்பார்கள். நான் முதல் தடவை பார்த்தபோது ஏழரைக்கு உட்கார்ந்து ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் காதில்தான் வந்தது. காய்ந்த சருகில் சரசர, நின்று, மறுபடி சரசர, நடுவில் சளி பிடித்த பிள்ளை மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். பாம்பு ஊர்கிற சத்தம் விட்டுவிட்டு வராது, எலி ஓடுகிற சத்தம் இவ்வளவு நிதானமாக இராது. இது சந்தைக்குப் போன பெரியவர் கடை கடையாக நின்று விலை கேட்டுப் போவது போல.

அருகில் வந்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள். சத்தம் கேட்டால் முதலில் நெற்றி முள்ளைக் கண்ணுக்கு மேல் இறக்கிக்கொண்டு நிற்கும். இன்னும் பயந்தால் உருண்டுவிடும். உருள்கிறது எப்படி என்று தெரிந்துகொண்டால் ஆச்சரியமாக இருக்கும். முதுகுத்தோல் அதன் உடம்புக்குத் தொளதொள, இரண்டு அளவு பெரிய சட்டை மாதிரி. அந்தத் தோலின் ஓரத்தைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. அதை இறுக்கினால் தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய் வாய் மூடிக்கொள்ளும். ஆச்சியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள், கயிற்றை இழுத்ததும் வெற்றிலையும் சில்லறையும் உள்ளே போய்விடுமே, அதே வேலைதான். முள்ளுக்கு அடியிலும் தனித் தசை உண்டு, படுத்திருக்கிற முள் எல்லாத் திசையிலும் குத்திட்டு நிற்கும். முள் வேறொன்றும் இல்லை, கெட்டியான முடிதான், நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின்.

தொட்டால் உள்ளேயிருந்து 'புஸ்' என்று சீறி ஒரு துள்ளல் வேறு போடும். இருட்டில் அந்தச் சீறலைக் கேட்டுப் பாம்பு என்று கம்பால் அடித்துக் கொன்ற கதை எங்கள் பக்கம் எத்தனையோ. காட்டில் சீறல் கேட்டால் முதலில் வெளிச்சம், அப்புறம்தான் கம்பு.

அது சாப்பிடும்போது

வண்டு, கறையான், வெட்டுக்கிளி, பூரான், மண்புழு, தேள்கூட. சில சமயம் ஓணான் குட்டி, தவளை, தரையில் கூடு கட்டுகிற குருவியின் முட்டை. மென்று தின்கிற சத்தம் பத்தடிக்குக் கேட்கும், முறுக்குக் கடிக்கிற மாதிரி. நிலக்கடலையோ முருங்கையோ போட்டிருக்கிற விளைக்காரர்களுக்கு இது கூலி கேட்காத ஆள். செடியைத் தொடாது, செடியைத் தின்கிற புழுவைத் தின்னும். ஆனால் அந்த விளையில் குருணை மருந்தையும் எலி விஷத்தையும் தாராளமாகப் போட்டால், மருந்து தின்ற பூச்சியைத் தின்று இதுவும் போய்விடும்.

பாம்பு விஷம் இதற்கு ஏறாது என்று சொல்வார்கள். பாதி உண்மை. முள்ளெலிகளின் உடம்பில் விஷத்தை மட்டுப்படுத்துகிற புரதம் இருக்கிறது, ஐரோப்பிய இனத்தில் அதைப் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். மற்றப் பிராணிகளை விடத் தாங்கும், ஆனால் நல்ல கடி பட்டால் சாகும்.

இன்னொரு கூத்தும் அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம். காரமான வாசனையுள்ள ஏதாவது ஒன்றைக் கண்டால் அதை வாயில் போட்டு மெல்லும், மென்று மென்று வாயெல்லாம் நுரை கட்டும், அப்புறம் கழுத்தை முறுக்கி நாக்கை நீட்டி அந்த நுரையைத் தன் முதுகு முள்ளில் தடவிக்கொள்ளும். தடவும்போது நிலை தடுமாறி விழுந்தாலும் விடாது. எதிரியைக் குழப்பவா, முள்ளுக்குக் காரம் ஏற்றவா என்று ஆராய்ச்சிக்காரர்களே பல காரணம் சொல்கிறார்கள். உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: வாயில் நுரை தள்ளி உடம்பை முறுக்குகிறதைப் பார்த்து, வெறி பிடித்துவிட்டது என்று கல்லைத் தூக்காதீர்கள்.

குட்டி போடுவது வளைக்குள். சினைக்காலம் ஒரு மாதத்தை ஒட்டித்தான். குட்டிக்குப் பிறக்கும்போது கண் திறந்திருக்காது. முள்ளோடு எப்படிப் பிறக்கும், தாய் என்ன ஆவாள் என்று எல்லாரும் கேட்பார்கள். பிறக்கும்போது முள் எல்லாம் நீர் கோத்து உப்பின தோலுக்கு அடியில் இருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் அந்த நீர் வற்றி, தோல் சுருங்கி, வெள்ளை வெள்ளையாக மெத்தென்ற முள் வெளியே எட்டிப் பார்க்கும். கெட்டி முள் அப்புறம்தான். குட்டிகள் தனியாகக் கிடந்தால் தாய் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, தீனிக்குப் போயிருக்கும். நீங்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தால்தான் அது திரும்பி வரும்.

தேடாமலே எதிரில் வந்துவிட்டால்

கிணற்றில், சிமெண்ட் தொட்டியில், பைப் போடத் தோண்டின குழியில் விழுந்து கிடப்பதுதான் அதிகம். நீந்தத் தெரியும், ஆனால் வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது, நீந்தி நீந்திக் களைத்துப் போகும். ஒரு பனைமட்டையைச் சாய்த்துப் போட்டு வைத்தால் போதும், கருக்கு ரெண்டும் அதற்குப் படிக்கட்டு. தொட்டி உள்ளவர்கள் மட்டையை நிரந்தரமாகவே போட்டுவிடுங்கள், ஓணானும் தவளையும்கூடப் பிழைக்கும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சுளவை, அதாவது முறத்தை, அடியில் கொடுத்து அள்ளுங்கள், இல்லை என்றால் கெட்டித் துண்டைப் போட்டுத் தூக்குங்கள். வெறுங்கை வேண்டாம். குத்தும் என்பதற்காக மட்டும் இல்லை, முள்ளெலி உடம்பில் உண்ணியும் படர்தாமரைப் பூஞ்சையும் இருக்கும். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பால் கொடுக்காதீர்கள். பாவம் பார்த்துப் பால் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் முள்ளெலிக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்தே செத்துப்போகும். தட்டையான மண் தட்டில் தண்ணீர் வையுங்கள், போதும். அடிபடாமல் இருந்தால் இருட்டினதும் எடுத்த இடத்துக்குப் பக்கத்துப் புதரிலேயே விடுங்கள். நல்ல காடாகப் பார்த்து விடுகிறேன் என்று களக்காடு வரைக்கும் கொண்டுபோகாதீர்கள், அங்கே அதற்கு வளையும் தெரியாது வழியும் தெரியாது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலிக்குப் பழைய மீன்வலை கட்டுகிறவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள். முள் மாட்டினால் முன்னேயும் போக முடியாது பின்னேயும் வர முடியாது. மாட்டியிருந்தால் வலையை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் குவித்து நாலைந்து நாள் காயவைத்து எரிப்போமே, அந்தக் குவியல் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. தீ வைக்கிற அன்றைக்குக் காலையில் குவியலை ஒரு தடவை புரட்டிப் போடுங்கள்.

ரோடுதான் பெரிய எமன். நாய்க்கும் கீரிக்கும் உருண்டு தப்பின அதே வித்தையை லாரிக்கும் காட்டும். வெளிச்சம் அடித்தால் ஓடாது, நின்று உருளும். நாலுவழிச் சாலையில் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் திசையன்விளையிலிருந்து உள்ளூருக்குப் போகிற ரோடுகளில் மழை விட்ட ராத்திரி நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். நடு ரோட்டில் பனங்காய் கிடக்கிற மாதிரி தெரிந்தால் பனங்காய் என்றே நினைக்காதீர்கள்.

அந்தப் பாட்டில்

கக்குவான் ஒரு பாக்டீரியா தருகிற நோய். நூறு நாள் இருமல் என்றும் பேர் உண்டு, வாரக்கணக்கில் இழுத்துவிட்டுப் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே அடங்கும். வீட்டில் எல்லா வைத்தியமும் பார்த்து முடித்து, கடைசியில் எவரோ சொல்லி முள் தேடிக் கொண்டுவருவதற்குள் அடங்குகிற நேரமும் வந்துவிடும், பேர் முள்ளுக்குப் போய்விடும். ஆச்சி பொய் சொல்லவில்லை, அவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். ஆனால் கைக்குழந்தைகளுக்கு இந்த நோய் மூச்சையே நிறுத்துகிற நோய், காத்திருக்க நேரம் கிடையாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதே ஆபத்து, அதில் கரிப்பொடி வேறு. தடுப்பூசி அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்: 6, 10, 14 வாரங்களில் கக்குவானோடு சேர்த்து ஐந்து நோய்க்குப் போடுகிற பென்டாவேலன்ட், அப்புறம் ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, ஐந்து வயதில் ஒன்று. தமிழ்நாட்டில் 2011 கடைசியிலிருந்து இந்த ஐந்து நோய் ஊசி போடுகிறார்கள். அட்டையில் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டால் முள் தேடுகிற வேலையே வராது.

கடைசியாகப் போட்டோ. ஃபிளாஷ் வேண்டாம், உருண்டதைப் பிரித்துப் போஸ் கொடுக்கவைக்க வேண்டாம், அது எல்லாரும் சொல்வதுதான். நான் சொல்ல வருவது, எடுத்த படத்தோடு ஊர்ப் பேரைப் போடாதீர்கள், போனில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள், ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கிற வசதி இருக்கிறது, அதை அழுத்துங்கள். நான் முதல் படத்தைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாகப் போட்டேன், எந்த விளை, எந்தக் கல்வேலி என்று விவரத்தோடு. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு பெரியப்பா போன் பண்ணினார். படம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, "ஏல, பேரனுக்கு இருமலா இருக்கு, ரெண்டு முள்ளு கிடைக்குமா?" என்றார். நான் பேரனின் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தை அன்றைக்கே அழித்தேன், ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாமல் ஒரு மாசம் அந்தக் கல்வேலிப் பக்கம் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.